கணக்கெழுதும் வேலை

அபூ ஃபவ்வாஸின் குடும்பத்தில் யாரும் கூலிக்குப் போனதில்லை. நிலத்தை விற்றிருக்கிறார்கள், ஆட்டு மந்தையை விற்றிருக்கிறார்கள், ஒரு பஞ்ச காலத்தில் பெண்களின் வெள்ளி நகைகளைக்கூட விற்றிருக்கிறார்கள். அடுத்தவன் வாசலில் நின்று கூலிக்குக் கை நீட்டியது மட்டும் கிடையாது. பட்டாளத்துக்குப் போவது வேறு. அது அரசருக்குச் செய்யும் சேவை. கரக் மலைமேல் இருந்த அந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவருடைய விருந்துக்கூடத்தின் கதவு பாட்டனார் காலத்திலிருந்து பகலில் சாத்தப்பட்டதில்லை என்பதும் தெரிந்த செய்திதான்.

ஆகவே இளைய மகன் சுஹைப் எதிரே வந்து நின்று, "யாபா, நான் ஒரு வருஷம் வேலைக்குப் போறேன்" என்றபோது, அவர் காதில் விழாதவர் போலத் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

சுஹைப் பள்ளி இறுதித் தேர்வான தவ்ஜீஹியில் ஊரிலேயே முதல் மதிப்பெண் எடுத்தவன். முடிவு வந்த அன்று, அரசாங்கம் தடுத்திருந்தும், அபூ ஃபவ்வாஸ் கூரைமேல் ஏறி வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார். இர்பித் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிக்க இடமும் கிடைத்தது. ஆனால் அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அந்த வசந்தத்திலேயே மூத்தவன் ஃபவ்வாஸின் கல்யாணத்தில் மன்ஸஃப் என்ற ஆட்டுக்கறிச் சோற்றுத் தாம்பாளங்களாக வெளியேறியிருந்தது. ஒரு குலத்தாரை அழைத்துவிட்டு இன்னொரு குலத்தாரை விட முடியுமா? விட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும், பேச்சு குறைந்திருக்காது.

"பல்கலைக்கழகத்துல கேட்டுட்டேன் யாபா. ஒரு வருஷம் எடத்தப் பிடிச்சு வைப்பாங்களாம். அதுக்குள்ள நான் சம்பாதிச்சிடுவேன்."

"யார்கிட்ட?"

"அபூ கைஸோட கல்லறுக்குற பட்டறையில."

மணிகள் நின்றன. "அபூ கைஸோட அப்பன் நம்ம கெணத்துல தண்ணி எறைச்சவன்."

"இப்ப அவர் வாசல்ல லாரி வரிசையா நிக்குது யாபா."

"கழுதைக்குப் பட்டுத்துணி போத்துனா குதிரை ஆயிடுமா?"

"ஆகாதுதான். ஆனா இந்தக் கழுதை மாசாமாசம் சம்பளம் குடுக்குதே."

உள்ளறையில் அவர் மனைவி உம்மு ஃபவ்வாஸ் சிரிப்பை அடக்கியது கேட்டது. அபூ ஃபவ்வாஸுக்கும் சிரிப்பில் உதடு துடித்தது, அவர் விடவில்லை.

"ஆபீஸ்லயா?"

"ஆபீஸ்ல அவரோட தங்கச்சி மகன் இருக்கான். ரம்பத்துலதான் ஆள் வேணுமாம்."

"எகிப்துக்காரங்களோட நின்னு கல்லறுக்கப் போறியா? உன் பாட்டனார் முன்னால மந்திரிங்க எந்திரிச்சு நின்னாங்கடா."

"பாட்டனார் போயிட்டாரு. மந்திரிங்களும் போயிட்டாங்க. ஒரே ஒரு வருஷம் யாபா. அப்புறம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு வந்து உங்க பக்கத்துல உக்காருவேன். எல்லாரும் எந்திரிப்பாங்க."

மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. அபூ ஃபவ்வாஸ் நியாயத்தை மறுக்கிறவர் அல்ல. கடன் கேட்டு ஒருவன் வாசலில் போய் நிற்பதைவிட இது மேல் என்று அவருக்கே தோன்றியது. நெடுநேரம் யோசித்து ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"போ. ஆனா ஊருக்கு நீ ஆபீஸ்ல இருக்க. கணக்கு எழுதுற. வீட்டை விட்டுப் போறப்பவும் வர்றப்பவும் சட்டை ஆபீஸ் சட்டையா இருக்கணும்."

"சரி யாபா. யார் கேக்கப் போறாங்க?"

ஊரில் எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் அபூ ஃபவ்வாஸே பதில் சொன்னார். "பையனுக்குக் கணக்கு நல்லா வரும். அபூ கைஸ் வந்து கெஞ்சினாரு, ஒரு வருஷம் ஆபீஸப் பாத்துக் குடுக்கச் சொல்லி. சரி, பக்கத்து ஊர்க்காரராச்சேன்னு அனுப்பினேன்." முதல் தடவை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. பிறகு தடுக்கவில்லை.

சுஹைப் காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் பையில் ஒரு பேனாவுமாகப் போவான். பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அழுக்குத் துணியை மாட்டிக்கொள்வான். கல்லறுக்கும் ரம்பத்தின்மேல் எந்நேரமும் தண்ணீர் ஓடும்; கல்மாவு கரைந்து வெள்ளைச் சேறாக முழங்கால் வரை அப்பும். மாலையில் கழுவிக்கொண்டு திரும்ப அந்தச் சட்டையோடு வருவான். கழுவினாலும் காதுமடிப்பிலும் இமையோரத்திலும் வெள்ளை தங்கிவிடும். உம்மு ஃபவ்வாஸ் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அபூ ஃபவ்வாஸ் அப்போது வேறு பக்கம் பார்ப்பார்.

ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் ஒரு கலகலப்பு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பட்டறைக் கதைகளைப் பையன் தாயிடம் சொல்வான். தந்தை கேட்காதவர் போலக் கேட்பார். அவனோடு ரம்பத்தில் நின்றவர் ஷஹாத்தா என்ற வயதான எகிப்துக்காரர். அவர் இவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவாராம்.

"'டாக்டரே, இந்தக் கல்லுக்குக் காய்ச்சல், நாடி பாருங்க'ம்பாரு யும்மா. நானும் கையை வெச்சுப் பாத்துட்டு, 'பிழைக்காது, அறுத்துடலாம்'பேன்."

"அறுக்குற எடத்துல வெளையாட்டு வேண்டாம்டா."

"கவசத் தகடு இருக்கு யும்மா. ரம்பத்துக்கு மேல இரும்புல மூடி போட்டிருக்கும். வெரல் போகாது."

போகாமல் பார்த்துக்கொண்ட அந்தத் தகட்டை அபூ கைஸ் வசந்தத்தில் ஒருநாள் காலையில் கழற்றச் சொன்னார். தலைநகர் அம்மானில் யாரோ கட்டும் மாளிகைக்குக் கனத்த கற்கள் வேண்டியிருந்தன. தகடு இருந்தால் அந்தக் கல் உள்ளே நுழையாது. ஷஹாத்தா முணுமுணுத்தார், அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, அவருடைய வேலை அனுமதிச் சீட்டு அபூ கைஸின் கையில் இருந்தது. நண்பகல் தொழுகைக்கு முன்னால் ஈரக்கல் வழுக்கியது. சுஹைபின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. உள்ளங்கையும் பாதி கிழிந்தது.

செய்தி வந்தபோது அபூ ஃபவ்வாஸ் ஒரு துக்க வீட்டில் இருந்தார். கொட்டகை நிறைய ஆட்கள். அவருடைய தம்பி ஆயித் கைப்பேசியோடு ஓடிவந்து, குரலை அடக்கத் தெரியாதவன், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். "அண்ணே, சுஹைபோட கை ரம்பத்துல போயிடுச்சு. கரக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க."

எல்லோரும் எழுந்தார்கள். அந்த நேரத்தில் யாரோ ஒருவர், கெட்ட எண்ணத்தில் அல்ல, அனுதாபத்தில்தான் கேட்டார்: "ஆபீஸ்ல கணக்கெழுதுற பையனுக்கு ரம்பத்துகிட்ட என்ன வேலை?"

அபூ ஃபவ்வாஸ் செருப்பில்லாமலே வாசலுக்கு வந்திருந்தார். முகம் மட்டும் பழக்கத்தால் நேராக நின்றது. வாய் முகத்தோடு சேர்ந்துகொண்டது.

"வேடிக்கை பாக்கப் போயிருப்பான். சின்னப் பையன்தானே."

சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

மருத்துவமனையில் காவலர் வந்து கேட்டபோது சுஹைப் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தான். நான் ரம்பத்து ஆள். தகட்டை முதலாளி கழற்றச் சொன்னார். அபூ கைஸைப் பிடித்து வைத்தார்கள்; சில நாளில் ஜாமீனில் விட்டார்கள். மாதக்கணக்கில் சேர்த்த சம்பளம் அம்மானில் நடந்த முதல் அறுவைச் சிகிச்சையிலேயே தீர்ந்தது. மிச்சமிருந்த விரல்கள் மடங்க வேண்டுமானால் இன்னொன்று செய்ய வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுஹைப் வீடு திரும்பினான். சமாதானம் பேசப் பெரியவர்கள் திரண்டு வரும் ஜாஹா வெள்ளிக்கிழமை வருகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் அவன் தந்தையிடம் வந்து உட்கார்ந்தான்.

"யாபா, அவரை மன்னிச்சிடுங்க. ஜெயில்ல போடணும்னு எனக்கு ஆசை இல்ல. வேலை பாக்குறப்ப கை போச்சுன்னு மட்டும் அவர் ஒத்துக்கட்டும். ஒத்துக்கிட்டா வைத்தியம் அவர் பொறுப்பு, நஷ்டமும் அவர் பொறுப்பு. நான் காலேஜுக்குப் போயிடுவேன். எடது கையால எழுதப் பழகிட்டிருக்கேன், பாருங்க."

தாளைக் காட்டினான். எழுத்துகள் நண்டு நடந்ததுபோல் கிடந்தன. அவன் பெயர் அது என்று தெரிந்தது.

"உன் உரிமையை நான் விடமாட்டேன்" என்றார் அபூ ஃபவ்வாஸ். அவர் மனமறிந்துதான் சொன்னார். மன்னிப்பும் கொடுப்பது, மகனின் வைத்தியத்தையும் படிப்பையும் அவர்கள் தோளில் வைப்பது. இதில் கண்ணியக் குறைவு ஒன்றுமில்லை. பேச வேண்டிய வார்த்தைகளைக்கூட மனத்தில் அடுக்கி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கார்கள் வந்தன. சாலையின் இருபுறமும் நிறுத்த இடமில்லை. நீள அங்கியும் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியுமாகப் பெரியவர்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை முஃப்லிஹ் பாஷா. பட்டாளத்தில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர், இரு தரப்புக்கும் வேண்டியவர், அவர் கால்வைத்த வழக்கு எதுவும் அதற்குப் பிறகு வழக்காக இருந்ததில்லை. அபூ ஃபவ்வாஸின் உறவினர்கள் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். விருந்துக்கூடத்தில் காப்பி ஊற்றுவது எப்போதும் சுஹைபின் பொறுப்பு. ஆனால் கெண்டியை இடக்கையில் பிடித்து, கிண்ணத்தை வலக்கையால்தான் நீட்ட வேண்டும். இடக்கையால் நீட்டினால் விருந்தாளிக்கு அவமதிப்பு. அன்று ஆயித்தின் மகன் ஊற்றினான். சுஹைப் கதவருகே நின்றான்.

பாஷா கிண்ணத்தை வாங்கித் தரையில் வைத்தார். குடிக்கவில்லை. வந்த காரியம் ஆகும்வரை குடிப்பதில்லை என்பது முறை. கூடம் அடங்கியது.

"அபூ ஃபவ்வாஸ்," என்று தொடங்கினார், "இந்த வீட்டு வாசல்ல காலை வெச்சவன் வெறுங்கையோட திரும்பினதில்லை. உங்கப்பா காலத்துலயும் அப்படி, உங்க காலத்துலயும் அப்படி. நாங்க தைரியமா வந்ததே அதனாலதான்."

"வீடு உங்களுது பாஷா."

"நடந்தது விதி. அபூ கைஸ் பக்கம் குறை இல்லைன்னு நான் சொல்லல. பட்டறையை ஒழுங்கா வெச்சிருக்கணும். ஆனா பையன் ரம்பத்துல வேலை பாத்தான், கவசத்தைக் கழட்டுனாங்கன்னு போலீஸ்ல எழுதியிருக்கு. அது நமக்குள்ள நிக்காத பேச்சு." பாஷா குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தேவையும் இல்லை. "இந்தக் குடும்பத்துப் பிள்ளை கூலிக்கு ரம்பம் பிடிக்குமா? ஆபீஸ்ல உக்காந்து கணக்கு எழுதின பிள்ளை. நான் சொல்லல, அபூ ஃபவ்வாஸ் தன் வாயால சொன்னாரு. துக்க வீட்டுல, வேடிக்கை பாக்கப் போயிருப்பான்னு சொன்னாரு. இங்க இருக்குறவங்க பாதிப் பேர் கேட்டிருக்காங்க. அபூ ஃபவ்வாஸ் வாயில பொய் வராது. அது கரக்குக்கே தெரியும்."

சுவரோரத்தில் தலைகள் ஆமோதித்து அசைந்தன. அவருடைய சொந்தக்காரர்களின் தலைகளும் அசைந்தன, பெருமையோடு அசைந்தன.

"பையன் வலியில ஏதோ சொல்லியிருப்பான். வலி பேசும். அதை நாம பெருசா எடுத்துக்க வேண்டாம்."

அபூ ஃபவ்வாஸ் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. இப்போது ஒன்றைத்தான் சொல்ல முடியும்: என் மகன் ரம்பத்துக் கூலி, நான்தான் ஊருக்குப் பொய் சொன்னேன். அதைச் சொன்ன பிறகு இந்தக் கூடத்தில் அவர் சொல்லும் எந்தச் சொல்லும் நிற்காது. அவர் தீர்த்து வைத்த வழக்குகள், அவர் சாட்சியால் முடிந்த நிலத் தகராறுகள், ஃபவ்வாஸுக்குப் பெண் கொடுத்தவர்கள், இனி இந்த வீட்டுப் பெண்களைக் கேட்டு வரப்போகிறவர்கள், எல்லாமும் எல்லோரும் அந்த ஒரு சொல்லில் சரிவார்கள். இதைச் சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் அப்படியொரு கூடத்தில் அத்தனை கண்களுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

"யாபா" என்றான் சுஹைப் கதவருகிலிருந்து. பெரியவர்கள் பேசும் இடத்தில் அந்த ஒரு சொல்லே அதிகம்.

அபூ ஃபவ்வாஸ் அவனைப் பார்க்கவில்லை.

"உங்க காப்பியைக் குடிங்க பாஷா," என்றார். "வந்த காரியம் ஆச்சு."

பாஷா குடித்தார். பிறகு விட்டுக்கொடுக்கும் முறை தொடங்கியது. தனக்குச் சேர வேண்டியதைப் பங்கு பங்காக அபூ ஃபவ்வாஸ் விட்டார். ஒரு பங்கு இறைவனுக்காக. ஒரு பங்கு நபிக்காக. ஒரு பங்கு அரசருக்காக. ஒரு பங்கு பாஷாவின் தாடிக்காக. ஒரு பங்கு வந்திருக்கும் பெரியோருக்காக. ஒவ்வொரு முறையும் கூடம் முழுதும், "அல்லாஹ் உங்க முகத்தை வெண்மையாக்கட்டும்" என்று வாழ்த்தியது. கடைசியில் விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அதுவரை தலைகுனிந்து இருந்த அபூ கைஸ் எழுந்தார். கண் கலங்கியிருந்தது; அது நடிப்பில்லை. "இனிமே சுஹைப் எனக்கும் மகன். ஆபீஸ்ல அவன் நாற்காலி அவன் சாகுற வரைக்கும் அவனுக்குத்தான். பாஷா சாட்சி."

கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் கொடுத்ததை மறுப்பது, கொடுத்தவன் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அபூ ஃபவ்வாஸ் தலையை ஆட்டினார். மன்ஸஃப் வந்தது. எல்லோரும் உண்டார்கள்.

அவர்கள் போன பிறகு உம்மு ஃபவ்வாஸ் தாம்பாளங்களை எடுக்க வந்தாள். முப்பத்துச் சொச்ச வருட வாழ்க்கையில் கணவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"பங்கு பங்கா குடுத்தீங்களே, அதுல ஒண்ணாவது உங்களுதா இருந்துச்சா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் எலும்புகளை ஒரே தாம்பாளத்தில் திரட்டினாள்.

சுஹைபுக்குப் பதினெட்டு ஆகியிருந்ததால் புகாரை அவனே போய்த் திரும்பப் பெற வேண்டும். தந்தை கொடுத்த வாக்கை மகன் மறுத்தால் அது வேறு கதையாகியிருக்கும். அபூ ஃபவ்வாஸ் ஒருவேளை அதை எதிர்பார்த்தார். எதிர்பார்த்தாரா, அஞ்சினாரா என்று அவருக்கே தெரியாது. ஆனால் காலையில் அவர் அங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சுஹைப் ஏற்கனவே காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

காவல் நிலையத்தில் இளம் அதிகாரி முதலில் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "ரம்பத்துல வேலை பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க."

"இல்ல. ஆபீஸ்ல இருந்தேன்."

"அப்ப முன்னாடி சொன்னது?"

"வலியில சொன்னது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவரும் அந்தப் பக்கத்து ஆள்தான், எல்லாம் புரிந்திருக்கும். "உன் சொந்த விருப்பத்துலதான் கையெழுத்துப் போடுறியா? பெரியவர வெளியில இருக்கச் சொல்லட்டா?"

"வேண்டாம். எங்கப்பா சொன்ன வார்த்தையத் தாண்டி எனக்குத் தனி விருப்பம் இல்ல."

இடக்கையால் மெதுவாக எழுதினான். முன்பு தாளில் காட்டியதைவிட எழுத்து திருந்தியிருந்தது. அபூ ஃபவ்வாஸுக்கு மகனைக் கட்டி அழ வேண்டும்போல இருந்தது; இப்படி ஒரு மகனைப் பெற்றதில் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அதிகாரி எழுந்து கை நீட்டினார். சுஹைப் இடக்கையை நீட்டப் போய், நினைவு வந்து, நெஞ்சில் கை வைத்து விடைபெற்றான்.

இரண்டாவது அறுவைச் சிகிச்சை நடக்கவில்லை. மிச்சமிருந்த விரல்கள் மெல்ல இறுகி, கொக்கிபோல் அப்படியே நின்றுவிட்டன. அவன் அபூ கைஸின் ஆபீஸுக்குப் போகத் தொடங்கினான்; தங்கை மகனை அபூ கைஸ் லாரிகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மின்விசிறியும் நாற்காலியும் இருந்தன. அந்தப் பக்கம் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஷஹாத்தா எப்போதாவது தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வருவார். இப்போது அவனை டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. சம்பளம் வீட்டுச் செலவுக்கும் மாத்திரைக்கும் காணும், அதற்கு மேல் இல்லை.

ஆயித் ஒருநாள் வந்து சொன்னான். "அண்ணே, குலத்துல எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா வாங்குவோம். பையன் படிக்கட்டும். நம்ம குலத்துலயே ஒரு மருந்தாளுநர் இல்ல. வயித்துவலின்னா அடுத்த குலத்தான் கடைக்குப் போய் நிக்கிறோம்."

"என்னன்னு சொல்லிக் கேப்ப?"

"கை போச்சு, உதவி பண்ணுங்கன்னு."

"ஆயுசுக்கும் ஆபீஸ் வேலை இருக்கே, பாஷா சாட்சியா குடுத்ததுன்னு கேப்பாங்க. பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பிச்சை எடுக்குறாரு அபூ ஃபவ்வாஸ்னு பேசுவாங்க."

ஆயித் தலைத்துணியைக் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டான். "உங்க வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை வேலி போட்டுட்டீங்க அண்ணே" என்றான். அவர் முறைத்த முறைப்பில் எழுந்து போய்விட்டான். ஆயித் கேட்டு அனுப்பியதற்கு மூத்தவன் ஃபவ்வாஸிடமிருந்து பதில் வந்தது: குழந்தை பிறக்கப் போகிறது, வங்கிக் கடன் இருக்கிறது, அடுத்த வருடம் பார்க்கலாம். பல்கலைக்கழகம் பிடித்து வைத்திருந்த இடத்துக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. சுஹைப் வழக்கம்போல் ஆபீஸுக்குப் போய் வந்தான்.

கோடை முடிவில் அந்த வருடத் தவ்ஜீஹி முடிவுகள் வந்தன. தெருவெல்லாம் கார்கள் கூவிக்கொண்டு போயின. மூன்று வீடு தள்ளியிருந்த யமான் என்ற பையன் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தான். நில அளவைப் பொறியியலில் இடம் கிடைக்கும் என்றார்கள். வாழ்த்தப் போகாமல் இருப்பது முறையில்லை. அபூ ஃபவ்வாஸ் சுஹைபையும் அழைத்துக்கொண்டு போனார். அவன் மறுப்பான் என்று நினைத்தார். அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். வலக்கை பைக்குள் இருந்தது.

அந்த வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. பழச்சாறும் இனிப்பும் வந்தன. யமானின் தந்தை எழுந்து அபூ ஃபவ்வாஸைத் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"உங்க பையன் பாதைதான் எங்க பையனுக்கும்" என்றார் அவர். "கட்டணத்துக்குக் கொஞ்சம் இடிக்குது. ஒரு வருஷம் வேலை பாத்துட்டுப் போறேங்கிறான். அபூ கைஸ்கிட்ட கேட்டேன். எடம் இருக்காம். ஆபீஸ்லதான், உங்க சுஹைபுக்குக் கீழ."

பட்டறை ஆபீஸில் இரண்டாவது நாற்காலிக்கு இடமில்லை என்பது சுஹைபுக்குத் தெரியும். அவன் சொல்லியிருந்ததால் அபூ ஃபவ்வாஸுக்கும் தெரியும். காலியாக இருந்தது எந்த இடம் என்பதும் இருவருக்கும் தெரியும்.

யமான் இன்னும் மீசை முழுதாக வளராத பையன். அன்று எல்லோரும் அவனைப் பார்த்ததில் முகம் சிவந்திருந்தது. சுஹைபின் பக்கம் சாய்ந்து கேட்டான். "அண்ணே, அங்க வேலை எப்படி? நீங்க சொல்லுங்க, அப்புறம் முடிவு பண்றேன்."

அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பினார்கள். முஃப்லிஹ் பாஷாவின் மருமகனும் அவர்களில் இருந்தார்.

சுஹைப் தந்தையைப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை அல்ல அது. உத்தரவு கேட்கிற பார்வை. வாய் திறக்கட்டுமா, யாபா, என்ற பார்வை. அபூ ஃபவ்வாஸ் கையில் இருந்த பழச்சாற்றுக் குவளையைப் பார்த்தார். அதற்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலைதான்" என்றான் சுஹைப். "நிழல்ல உக்காந்து கணக்கு எழுதுறது. கஷ்டம் ஒண்ணும் இல்ல."

"அப்ப சரி" என்று சிரித்தான் யமான். யாரோ இனிப்புத் தட்டை நீட்டினார்கள்.

இருவரும் வெளியே வந்து பாதித் தெரு நடந்தார்கள். பிறகு அபூ ஃபவ்வாஸ், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பையன்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.

"யார் யாபா சொல்றது?"

குரலில் கோபம் இல்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பவன்போலக் கேட்டான். அவர் தலைத்துணியைச் சரிசெய்வதைப் பார்த்து, "நாளைக்குச் சீக்கிரம் போகணும், நான் நடக்குறேன்" என்று சொல்லி முன்னால் போனான்.

அபூ ஃபவ்வாஸ் தெருவில் நின்றார். திரும்பிப் போனால் நாற்பது அடி இருக்காது. யமானின் தந்தையைக் கதவருகே கூப்பிட்டு, காதோடு சொல்லிவிட்டு வந்துவிடலாம். திரும்பி நடக்கவும் செய்தார். வாழ்த்த வந்த அடுத்த கூட்டம் அந்த வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் எல்லோரும் நெஞ்சில் கைவைத்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர், ஜாஹாவின்போது விருந்துக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர், உரக்க சலாம் சொன்னார்.

"ஆண்பிள்ளைன்னா அபூ ஃபவ்வாஸ்தான்யா" என்று உடன் வந்தவர்களிடம் சொன்னார்.

அவர் முதுகை நிமிர்த்திப் பதில் சலாம் சொன்னார். அவர்களுடைய பிள்ளைகளின் நலம் விசாரித்தார். அவர்கள் உள்ளே போய்க் கதவு நிறைய ஆட்கள் நிற்கும்வரை அங்கேயே இருந்தார். பிறகு வீட்டுக்கு நடந்தார்.